நூற்று எண்பது

மஞ்சள் கடுதாசி என்கிறோம் நாம்.
துலூத் நகரில் அது வெள்ளைத் தாள்,
நாற்பத்தாறு பக்கம், மூலையில் ஒரு கிளிப்.
அக்டோபர் ஒன்பதாம் தேதி
மார்லிஸ் கொய்விஸ்டோ கையெழுத்துப் போட்டாள்.
மாவு விற்றவனுக்கு இவ்வளவு,
ரொட்டி அடுப்பின் வாடகை இவ்வளவு,
மூன்று கடன் அட்டைகள், ஒரு பல் மருத்துவர்.
கடையின் பெயர்ப்பலகையையும்
சொத்துப் பட்டியலில் சேர்த்தார்கள்.
மதிப்பு: பூஜ்யம்.

நவம்பரில் ஜன்னலில்லாத ஓர் அறை.
"யாரேனும் உங்களுக்குச் சொத்து எழுதி வைக்கக்கூடுமா?"
பொறுப்பதிகாரி தாளைப் பார்த்தே கேட்டார்.
"இல்லை" என்றாள்.
அன்றைக்கு அவளறிந்த உண்மை அதுதான்.

ரெய்னோ டிசம்பரில்தான் வாய் திறந்தான்.
பதினோரு வருடம் முன்பு விவாகரத்தான புருஷன்.
சுரங்கத்துத் தூசி நெஞ்சில் கட்டியாகி
மூக்கில் குழாயோடு கிடந்தவன்,
அவள் கொண்டுபோன பட்டாணி சூப்பை
ஊதி ஊதி ஆற்றியபடி சொன்னான்:
"வீட்டை உன் பேருக்கு எழுதிட்டேன்.
மழைக்கு நிலவறையில் தண்ணி ஏறும்.
உனக்குத் தெரியாததா."

வக்கீல் பிரான்வோல்ட் அம்மாள்
நாட்காட்டியைத் திருப்பித் திருப்பி எண்ணினாள்.
மனு கொடுத்த நாளிலிருந்து நூற்று எண்பது நாள்.
அதற்குள் அவர் போனால்
வீடு உன்னைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு
கடன்காரர் பக்கம் போய்விடும்.
அதற்குப் பிறகென்றால் உன்னுடையது.
ஏப்ரல் ஏழு என்று எழுதி
அடியில் கோடு போட்டாள்.
ஒன்றல்ல, இரண்டு.

அன்றிலிருந்து
அவள் ஊட்டிய ஒவ்வொரு கரண்டிக்கும்
ஓர் எண் இருந்தது.
எண்பத்து நான்கு: புது மாத்திரை.
தொண்ணூற்று ஒன்று: சவரம்.
நூற்றுப் பத்து: மூத்திரப் பையை அவளே மாற்றினாள்.
இரவில் கதவோரம் நின்று மூச்சை எண்ணினாள்.
மூச்சைத்தானா?
உறைந்த காருக்குள் உட்கார்ந்து
தன்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.
பதிலுக்கு ஹீட்டரைப் போட்டாள்.

பிப்ரவரியில் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.
அவன் சிரித்தான்.
சிரிப்பு இருமலானது, உதடு நீலமானது,
மெல்ல மீண்டு வந்து,
"நம்ம கல்யாணத்துக்கே நாற்பது நிமிஷம் லேட்.
இதுக்கு மட்டும் நேரத்துக்குப் போயிடுவேனா?"
தங்கச்சி லெம்பி பேருக்கு மாற்றேன் என்றாள்.
"பூ வாடும் முன்னே வித்துடுவா.
மாத்தமாட்டேன். இருக்கேன்."

இருக்கேன்.
அந்தச் சொல்லை
அவன் அவளிடம் சொன்னது
அதுவே முதல் தடவை.

மார்ச்சில் இரண்டு முறை ஆம்புலன்ஸ்.
ஏரியின் பனிப்பாளம் விரிந்து
இரும்புத் தாது ஏற்ற வந்த கப்பலொன்று
தூக்குப் பாலத்தடியில் நுழையும்போது
நீளமாய் ஊதியது.
நூற்று எழுபத்தொன்று.

ஏப்ரல் ஏழு நள்ளிரவைத் தாண்டியபோது
அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
சமையலறை நாட்காட்டியைக் கழற்றி
குப்பையில் போட்டாள்.
ஆணி மட்டும் சுவரில்.

ஆகஸ்டில், பதிவு அலுவலகத்தில்,
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு இளைஞன்:
"இறந்த தேதி?"
"ஏப்ரல் பத்து."
"பேர் ஒண்ணா இருக்கே. மனைவியா?"
"இருந்தேன்."
"அப்புறம் பேரை மாத்தலையா?"
"கட்டணம் அதிகம்" என்றாள்.
முத்திரை விழுந்தது.

எட்டு, ஒன்பது, பத்து.
அந்த நாட்களில் அவனுக்கு
தலை சீவிவிட்டாள், நகம் வெட்டினாள்,
கப்பல் பார்க்க ஜன்னல் பக்கம் கட்டிலை இழுத்தாள்.
இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று
யாராவது கேட்டிருந்தால்
அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

செப்டம்பர் மழைக்கு
நிலவறையில் தண்ணீர் ஏறியது, சொன்னபடியே.
விளக்கைப் போடாமலே இறங்கினாள்.
வாளி எங்கே இருக்கும் என்று தெரியும்.